முகத்துக்கு எண்ணெய் கேட்டு வருபவரிடம் என்ன சொல்வது?

மளிகைக் கடையில் எண்ணெய்க்கென்று ஒதுக்கிய தட்டு முன்பெல்லாம் ஒன்றுதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், ஓரமாக விளக்கெண்ணெய். இன்று அதே கடையில் சோப்பும் ஷாம்பும் அடுக்கும் பக்கத்தில் இன்னொரு எண்ணெய் வரிசை வந்து உட்கார்ந்துவிட்டது. 30 மில்லி கண்ணாடிக் குப்பி, சொட்டுச் சொட்டாக விட ரப்பர் மூடி, அட்டையில் இலைப் படம், கூடவே ‘இயற்கை’ என்ற சொல். பாதாம், ஆலிவ், ஜோஜோபா, ஆர்கன், குங்குமாதி என்று பெயர்கள் நீளுகின்றன. லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் பார்த்துப் பழகிய நமக்கு, மில்லி கணக்கில் விற்கும் இந்தச் சரக்கின் லாபம் கண்ணைப் பறிப்பதில் வியப்பில்லை.

சரக்கு போட வரும் பிரதிநிதி, “எல்லாத் தோலுக்கும் ஏற்றது, பக்க விளைவே கிடையாது” என்கிறார். நாமும் அதையே வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கிறோம். வாங்குபவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு வகைத் தோல் இருக்கிறது. அந்தத் தோல் உடையவருக்கு, ஊருக்கெல்லாம் ஒத்துக்கொண்ட எண்ணெய் ஒரே இரவில் முகத்தை எரிய வைத்துவிடும். மறுநாள் அவர் நம் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பார், அல்லது இனி வரவே மாட்டார். இந்தத் தோலைப் பற்றியும், அதில் எண்ணெயை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைப் பற்றியும், நமக்கு இதில் உள்ள சட்டப் பொறுப்பைப் பற்றியும் வணிகப் பெருமக்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரோசேசியா என்பது என்ன?

மருத்துவர்கள் இதற்கு ரோசேசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்தின் நடுப்பகுதியான கன்னம், மூக்கு, நெற்றி, முகவாய் ஆகிய இடங்களில் இரத்தம் ஏறிச் சூடாவதும் சிவப்பதும் இதன் முதல் அடையாளம். தொடக்கத்தில் வந்து வந்து போகும். நாளாக ஆக சிவப்பு நிலைத்துவிடும். சிலருக்கு மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல் போலத் தெரியும். சிலருக்குப் பருவைப் போன்ற கட்டிகள் வரும். ஆண்கள் சிலருக்கு மூக்குத் தோல் தடித்துப் போவதும் உண்டு. கண் எரிச்சல், மண் விழுந்தாற்போல் உறுத்தல் ஆகியவையும் இதன் பகுதியாக வரலாம். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல் தொடங்குவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. முற்றிலும் நீங்கிவிடும் நோய் அல்ல, கட்டுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய நோய்.

“இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம் ஊரில் ஏது?” என்று கேட்கத் தோன்றும். வெளுத்த தோலில் இது அதிகம் என்பது உண்மையே. ஆனால் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் வராமல் இல்லை. நம் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாகவோ, மங்கிய பழுப்பாகவோ, வெறும் சூடும் எரிச்சலுமாகவோதான் தெரியும். அதனால் பரு என்றும், வெயில் ஒவ்வாமை என்றும், உடல் சூடு என்றும் நினைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கழிந்துவிடும். பருவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். ரோசேசியாவில் அவை இருக்காது. ஆயினும் கல்லாவில் நின்றபடி நாம் நோய் கண்டுபிடிக்க முயல வேண்டியதில்லை. லூபஸ் போன்ற கடுமையான நோயிலும் இரு கன்னங்களில் சிவப்பு வரும். அதை இனம் பிரிப்பது மருத்துவர் வேலை.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது, இந்தத் தோலைக் கிளறிவிடுபவை எவை என்பதுதான். வெயில் முதலாவது. பிறகு அடுப்பு வெக்கை, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி, காரம், மது, மனக் கொதிப்பு. காபியில் உள்ள காஃபீனைக் காட்டிலும் அதன் சூடுதான் முகத்தைச் சிவக்க வைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆறவைத்துக் குடித்தால் பலருக்குத் தொல்லை குறைகிறது. மிளகாய் வத்தல் மூட்டை பிரிப்பவர்களும் மசாலா அரைக்கும் மில் வைத்திருப்பவர்களும் இதைத் தங்கள் முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வத்தல் அள்ளிய கையால் முகத்தைத் துடைத்தால் எரிகிறதே, அந்தக் காரம் தூண்டும் அதே நரம்பு வாயில்கள் ரோசேசியா உள்ளவர்களிடம் கூடுதலாகத் துடிப்புடன் இருப்பதாகத் தோல் மருத்துவ ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இந்தத் தோலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தோலின் மேலடுக்கு ஒரு மதில் சுவர் போல. செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. ரோசேசியாவில் இந்தச் சாந்து ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. உள்ளே உள்ள ஈரம் வெளியேறுகிறது, வெளியே உள்ள பொருள் உள்ளே இறங்குகிறது. தோல் காய்ந்து இழுக்கும்போது எண்ணெய் தடவலாமா என்று தோன்றுவது இதனால்தான். அந்த எண்ணம் தவறானதும் அல்ல. எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபாடு

எண்ணெய் வியாபாரிகளுக்குக் கொழுப்பு அமிலம் என்ற சொல் புதிதல்ல. ஆய்வுக்கூட அறிக்கையில் ஒலிக், லினோலிக் என்று பார்த்திருப்போம். சமையலுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று நினைக்க வேண்டாம்.

ஆலிவ் எண்ணெயில் ஒலிக் அமிலம்தான் பெரும்பங்கு. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் முன்னிற்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 19 பேரின் முன்கையில் இந்த எண்ணெய்களைச் சில வாரங்கள் தடவச் செய்து பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் தடவிய இடத்தில் தோலின் மேலடுக்கு பலவீனப்பட்டு, இலேசாகச் சிவப்பும் கண்டது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் மேலடுக்கு கெடவில்லை, ஈரமும் கூடியது. இது சிறிய ஆய்வு. முன்கையில் செய்தது, முகத்தில் அல்ல. ரோசேசியா நோயாளிகளிடம் செய்ததும் அல்ல. ஆனாலும் ‘விலை கூடிய எண்ணெய் நல்ல எண்ணெய்’ என்ற எண்ணத்துக்கு இது ஒரு பதில். அதே கடையில் பாக்கெட்டில் விற்கும் எண்ணெய் நன்றாக நடந்துகொண்டது, அழகிய குப்பியில் வரும் இறக்குமதி எண்ணெய் வம்பு செய்தது.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அதில் பாதியளவு லாரிக் அமிலம். வறண்ட கை கால்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. முகத்தில் சிலருக்குத் துவாரங்களை அடைத்துக் கட்டி கிளப்பும். தவிர, நம் எல்லோர் தோலிலும் வாழும் ஒரு வகைப் பூஞ்சைக்கு எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் தீனி. அந்தப் பூஞ்சை பெருகினால் பொடிப்பொடியாக அரிப்புக் கட்டிகள் வரும். எனவே ‘தலைமுறை தலைமுறையாகத் தடவுகிறோம்’ என்பது கூந்தலுக்கும் உடம்புக்கும் சரி, எரியும் முகத்துக்கு அதையே சான்றாகக் காட்ட முடியாது.

கடுகு எண்ணெயை முகத்துக்குப் பரிந்துரைக்கவே கூடாது. அதன் நெடிக்குக் காரணமான பொருளே தோலை உறுத்துவது. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், பாதாம் எண்ணெய் மூன்றும் பலருக்குச் சாதுவானவைதான். ஆனால் எள்ளுக்கும் பருப்பு வகைகளுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றின் எண்ணெயைத் தோலில் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். விளக்கெண்ணெய் கலந்த உதட்டுச் சாயத்தால் ஒவ்வாமை வந்தவர்கள் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. ஜோஜோபா என்பது பெயரளவில் எண்ணெய். வேதியியலில் அது திரவ மெழுகு. சீக்கிரம் கெடாது, பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

உண்மையில் தொல்லை அதிகம் தருவது அடிப்படை எண்ணெய் அல்ல, அதில் மணத்துக்காகச் சேர்க்கும் தைலங்கள். புதினா, யூகலிப்டஸ், கற்பூரம், இலவங்கம், எலுமிச்சை, லாவெண்டர். இவையும் இயற்கைதான், செடியிலிருந்து வருபவைதான். அமெரிக்காவில் உள்ள தேசிய ரோசேசியா சங்கம் நோயாளிகளிடம் விசாரித்தபோது, தங்களுக்கு எரிச்சல் தந்தவை என்று அவர்கள் குறிப்பிட்ட பொருட்களில் ஆல்கஹால், வாசனைப் பொருட்கள், மென்தால், புதினா, யூகலிப்டஸ் ஆகியவை இடம்பெற்றன. லாவெண்டரிலும் எலுமிச்சை வகைகளிலும் உள்ள மணப்பொருட்கள் காற்றுப் பட்டு நாள்பட மாற்றமடையும்போது ஒவ்வாமை உண்டாக்கும் தன்மை கூடுகிறது. எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலம் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுக்கவும் செய்யும். “ஜிவ்வென்று இருந்தால்தான் வேலை செய்கிறது” என்பது தலைவலித் தைலத்துக்குப் பொருந்தலாம். இந்த முகத்துக்கு ஜிவ்வென்பதே எச்சரிக்கை.

குங்குமாதித் தைலம் பற்றிக் கேட்பார்கள். அது நல்லெண்ணெயில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி முதலிய பல சரக்குகள் சேர்த்துக் காய்ச்சும் ஆயுர்வேத மருந்து. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பல சரக்குகள் சேர்ந்த எந்தப் பூச்சிலும் ஒரு சங்கடம் உண்டு. முகம் சிவந்துவிட்டால் எதனால் சிவந்தது என்று பிரித்தறிய வழியில்லை. இந்தத் தோல் உடையவர் சித்த, ஆயுர்வேத மருத்துவரைக் கேட்டுப் பூசுவதே முறை.

இங்கே ஓர் இடைச்செருகல். பத்து இருபது ரூபாய்க்கு நாம் எல்லோரும் விற்கும் பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை சேர்க்காதது, இயற்கைப் பொருள் என்ற விளம்பரம் இல்லாதது. பூமிக்கடியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. ஆனால் அதனால் ஒவ்வாமை வருவது மிக அரிது. உணர்வு மிகுந்த தோலுக்குப் பல தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். லாபம் குறைந்த சரக்கு என்பதால் பிரதிநிதிகள் இதைப்பற்றிப் பேசமாட்டார்கள்.

எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

“அண்ணாச்சி, முகம் காந்துது. இந்த எண்ணெய் போடலாமா?” என்று ஒருவர் கேட்டால், “தாராளமாகப் போடுங்கம்மா” என்று சொல்வதை விட, “முகத்தில் நேராகப் போடாதீங்கம்மா, ஒரு வாரம் கையில் போட்டுப் பாருங்க” என்று சொல்வதில் விற்பனை குறைந்துவிடாது. சோதிக்கும் முறையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

முழங்கையின் உள்மடிப்பிலோ முன்கையின் உட்புறத்திலோ ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் இரவும் ஒரே இடத்தில் தடவ வேண்டும். ஒரு நாள் போதாது. ஏழு முதல் பத்து நாள் பார்க்க வேண்டும். காரணம், எரிச்சல் உடனே தெரியும், ஒவ்வாமை அப்படியல்ல. உடல் ஒரு பொருளைப் பகையென்று அடையாளம் கண்டுகொள்ளவே பல நாள் ஆகும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு ஏதேனும் வந்தால் கழுவிவிட்டு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கையில் ஒத்துக்கொண்டது முகத்தில் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. ரோசேசியா உள்ளவருக்கு இந்த இரண்டாம் படி மிக அவசியம். காதுக்கு முன்னால், தாடை ஓரத்தில், சிறு இடத்தில் மட்டும் மூன்று நான்கு இரவுகள் தடவிப் பார்க்க வேண்டும். அங்கேயும் அமைதியாக இருந்தால் பிறகு முகம் முழுவதும் இரண்டு மூன்று சொட்டு. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே மெல்ல ஒற்றிவிட வேண்டும். தேய்த்து மசாஜ் செய்வதும், ஆவி பிடித்துவிட்டு எண்ணெய் பூசுவதும் மற்றவர்களுக்கு ‘பொலிவு’ தரலாம், இவர்களுக்குக் கொதிப்பு. கண்ணுக்கு அருகில் பூசக் கூடாது.

அந்த நாட்களில் வேறு புது சோப்பு, புது பவுடர், புது க்ரீம் எதையும் சேர்த்துத் தொடங்கக் கூடாது. ஒன்று மாற்றினால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். சரக்குக் கணக்கில் வித்தியாசம் வரும்போது ஒவ்வோர் இனமாகத்தானே எண்ணிப் பார்க்கிறோம், அது போலத்தான்.

பகலில் எண்ணெய் பூசிவிட்டு வெயிலுக்குப் போவது சரியல்ல. எந்தச் சமையல் எண்ணெயும் வெயில் காப்பு ஆகாது. தொப்பி, குடை, வாசனையற்ற வெயில் காப்புப் பூச்சு ஆகியவைதான் உதவும். முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் வறட்சியைக் குறைக்கும், ரோசேசியாவைத் தீர்க்காது. அதற்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகியவை கொண்ட பூச்சுகளும், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையும் மருத்துவர் தருவார். கண் உறுத்தல், பார்வைக் கூச்சம் இருப்பவர் தாமதிக்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு க்ரீம் என்னும் கண்ணி

நம் ஊரில் எரியும் சிவந்த முகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை நாம் நேராகப் பேசியாக வேண்டும். வெளுப்பாக வேண்டும், பரு போக வேண்டும் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் முகத்தில் பூசியவர்கள் ஏராளம். முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்திய மறுநாளே எரிந்து சிவந்து கட்டி கிளம்பும். பார்ப்பதற்கு ரோசேசியா போலவே இருக்கும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள். இந்த வலையில் சிக்கியவர்தான் ஒரு கட்டத்தில், “இனி இயற்கையாக ஏதாவது கொடுங்கள்” என்று நம்மிடம் எண்ணெய் தேடி வருகிறார்.

இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். “இதுவரை என்ன க்ரீம் போட்டீங்க?” பதிலில் மருந்துக் கடைக் களிம்பின் பெயர் வந்தால், அல்லது லேபிளே இல்லாத டப்பா என்றால், எண்ணெய் விற்பதை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பி வைப்பதே சரி. திடீரென நிறுத்தினாலும் தொல்லை, தொடர்ந்தாலும் தொல்லை என்பதால் மருத்துவர் மேற்பார்வையில்தான் அதிலிருந்து வெளியே வர வேண்டும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடையில் இவற்றை வைப்பது, ஒன்றிரண்டு டியூப் ஆனாலும், குற்றமே. பெயரும் முகவரியும் இல்லாமல் வரும் வெளுப்பு க்ரீம்களையும் அப்படியே ஒதுக்குங்கள். அவற்றில் பாதரசம் இருந்து, பூசியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி 2023-ல் கேரளத்திலிருந்து வந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள்.

வாய்ச்சொல்லும் சட்டமும்

அழகுசாதனப் பொருளைச் சில்லறையில் விற்க நமக்குத் தனி உரிமம் தேவையில்லை. உற்பத்தி செய்பவருக்குத்தான் தேவை. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அழகுபடுத்தவும் சுத்தப்படுத்தவும் பூசுவதை அழகுசாதனம் என்கிறது. நோயைத் தீர்க்க, தணிக்க, தடுக்க என்று கொடுப்பதை மருந்து என்கிறது. ஆகவே ஒரே குப்பி, ‘வறண்ட முகத்துக்கு’ என்று விற்கும்போது அழகுசாதனம். ‘ரோசேசியா குணமாகும்’ என்று கடை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டால், நாமே அதை மருந்து என்று அறிவித்தவர்கள் ஆகிறோம்.

பொருள் ஒன்றாயினும் எப்படிச் சொல்லி விற்கிறோம் என்பதில் வகை மாறும் என்பதற்கு நம் தொழிலிலேயே பெரிய வழக்கு உண்டு. சிறு பாக்கெட் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா என்ற வரி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பாக்கெட் சிறியது என்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது, தலை எண்ணெய் என்று காட்டும் வகையில் லேபிளும் பொட்டலமும் இருந்தால்தான் அப்படி ஆகும் என்று முடித்து வைத்தது. தலை எண்ணெய்க்கான ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால் அந்த வரி வேறுபாடு இப்போது இல்லை. ஆனால் லேபிள் பேசும் என்ற பாடம் அப்படியேதான் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு நம்மைப் போன்ற விற்பனையாளர்களைப் பற்றியது. இதை ஒவ்வொரு வணிகரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். பொருளால் தீங்கு நேர்ந்தால் பொதுவாக உற்பத்தியாளர் பொறுப்பு. ஆனால் சில நிலைகளில் அது விற்பனையாளர் தலையில் விழும். பொருளை மாற்றியமைத்து அதனால் தீங்கு நேர்ந்தால். உற்பத்தியாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றால். உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பனையாளர் தானாகத் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் போய்த் தீங்கு நேர்ந்தால். “நான் பொறுப்பு, ஒண்ணும் ஆகாது, தைரியமாகப் போடுங்க” என்று பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லும் வார்த்தை, அந்தக் கடைசி வகையில் போய் உட்காரக்கூடியது. வாடிக்கையாளர் மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறோம். வழக்கு மன்றத்தில் அன்பு சாட்சி சொல்லாது.

மரச்செக்கு வைத்திருக்கும் சில நண்பர்கள், செக்கு எண்ணெயில் ரோஜா இதழ், கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் போட்டு ஊறவைத்து ‘முக எண்ணெய்’ என்று சிறு பாட்டிலில் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். சில்லறைக் கடையில் வழக்கமாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைச் சட்டம் உற்பத்தி என்று கருதுவதில்லை. ஆனால் தயாரித்து, பெயர் சூட்டி, லேபிள் ஒட்டி விற்பது உற்பத்திதான். அதற்கு 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். நல்ல எண்ணம், நல்ல சரக்கு என்பதெல்லாம் உரிமத்துக்கு ஈடாகாது. தொழிலாகவே செய்ய விரும்புபவர்கள் உரிமம் பெற்றே செய்யலாம், அதற்குத் தடை ஏதுமில்லை.

கொள்முதல் செய்யும்போது

குப்பியைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடுவது விதி. ‘ஆர்கன் எண்ணெய்’ என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தும் பட்டியலில் ஆர்கன் கடைசி வரியில் கிடந்தால், காசு கொடுப்பது வேறு எண்ணெய்க்கு என்று புரிந்துகொள்ளலாம். உணர்வு மிகுந்த தோலுக்கென்று வைக்கும் சரக்கில் பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. வாசனைப் பொருள் என்ற சொல் இருந்தால் அது இந்த வாடிக்கையாளருக்கு உரியதல்ல.

வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. லினோலிக் அமிலம் கூடிய எண்ணெய்கள் தோலுக்கு நல்லவை, ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பவையும் அவையே. கெட்டுப்போன எண்ணெய் சமையலில் மூக்குக்குத் தெரிந்துவிடும். வாசனை சேர்த்த முக எண்ணெயில் அது மறைந்துகொள்ளும், தோல்தான் கண்டுபிடிக்கும். எனவே அழகுக்காக வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்காமல் நிழலான தட்டில் வையுங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். நிறமற்ற குப்பியை விடக் கருஞ்சிவப்புக் கண்ணாடிக் குப்பி மேல்.

மொத்த வணிகர்களுக்கு ஒரு யோசனை. நிறுவனப் பிரதிநிதியிடம் 5 மில்லி குப்பி கேட்டுப் பாருங்கள். 30 மில்லி வாங்கிய வாடிக்கையாளர் சோதனையில் ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கொண்டுவருவார். திறந்த குப்பியை நாம் மறுபடி விற்க முடியாது, நிறுவனமும் எடுத்துக்கொள்ளாது. கடைசியில் அந்த நட்டம் சில்லறை வியாபாரிக்கு. சோதனைக் குப்பி இருந்தால் ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து பெரியது வாங்குவார். தர மறுக்கும் நிறுவனத்திடம், ஒத்துக்கொள்ளாத சரக்குக்கு வரவு வைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு ஆர்டர் எழுதுங்கள். கொள்முதல் பில்லைத் தொகுதி எண்ணோடு கோப்பில் வையுங்கள். உற்பத்தியாளர் யார் என்று நாளை ஒருவர் கேட்டால் நாம் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.